ஜம்ப் ஸ்கேர் விக்கி: எங்க அலறும்னு முதல் பத்தியிலயே சொல்லணுமா?

ஜூன் 4, காலை 9.15 (ஒரு வாசகரோட கேள்வி)

அக்கா, மேஸ் கேம் (சுவத்துல இடிக்காம போற ஆட்டம்) கட்டுரையில நான் போட்ட படத்தை தூக்கிட்டீங்க, சரி. ஆனா முதல் பத்தியிலயே "மூணாவது லெவல்ல முகம் வரும், கூடவே அலறல்"னு போட்டு உடைச்சிட்டீங்க. அப்புறம் அதுல என்ன மிச்சம் இருக்கு? ஜம்ப் ஸ்கேர் (திடீர்னு முகமோ அலறலோ வந்து திடுக்கிட வெக்கறது) பத்தின விக்கின்னா படிக்கறவனுக்கு லேசா தூக்கிவாரி போட வேணாமா? நான் திரும்ப மாத்த போறேன், அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.

ஜூன் 4, இரவு 10.40

மாத்தாதீங்க தம்பி. இங்க யார் வராங்கன்னு யோசிங்க. பொழுதுபோகாம சுத்தறவங்க கொஞ்சம் பேர், அவங்களை விடுங்க. மத்தவங்க ரெண்டு வகை. ஒருத்தருக்கு இப்பதான் யாரோ லிங்க் அனுப்பியிருக்காங்க, பேரைப் பாத்தா சந்தேகமா இருக்கு, திறக்கலாமா வேணாமான்னு தெரிஞ்சுக்க வராரு. இன்னொருத்தர் சின்ன வயசுல எதையோ பாத்துட்டாரு, பேர் தெரியாது, பதினஞ்சு வருஷமா மனசுல கிடக்கு, அது என்னதான்னு தெரிஞ்சா போதும்னு தேடி வராரு. ரெண்டு பேருக்கும் பதில் முதல் பத்தியிலயே வேணும். கீழ தேட வெச்சா முதல் ஆள் அதுக்குள்ள லிங்க்கை அமுக்கியிருப்பாரு, ரெண்டாவது ஆள் எங்க படம் வந்துடுமோன்னு பக்கத்தையே மூடிட்டு போயிடுவாரு.

நம்ம கட்டுரை ஒரு ஜம்ப் ஸ்கேரை பத்தினது, அதுவே இன்னொரு ஜம்ப் ஸ்கேரா ஆகக்கூடாது. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 4, இரவு 11.25

ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேப்பீங்க, அதையும் சொல்லிடறேன்.

2007 மே லீவு, என் கூடப்பொறந்தவனுக்கு அப்போ 9 வயசு. திருச்சியில எங்க தெருமுனையில ஒரு ப்ரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபா. நான் ஏதோ ரிசல்ட் பாக்க போனேன், இவனும் ஒட்டிக்கிட்டு வந்தான். பக்கத்து சிஸ்டத்துல இருந்த பெரிய பையன் ஒருத்தன், இந்த கேம் ஆடு, சுவத்துல இடிக்காம போனா ஜெயிச்சுடலாம்னு சொல்லி உக்கார வெச்சு ஹெட்போனையும் அவனே மாட்டி விட்டான். மேஸ் கேம் தான், இல்ல அதைப் பாத்து செஞ்ச காப்பிகள்ல ஒண்ணு. ரெண்டு லெவல் சுலபமா போயிடுச்சு, என்னைப் பாத்து கட்டைவிரல் காட்டினான். மூணாவதுல வழி நூல் மாதிரி ஆகும், இடிக்காம நகத்தணும்னா மூஞ்சியை ஸ்க்ரீன் கிட்ட கொண்டு போயே ஆகணும். சத்தம் கேட்டு நான் திரும்பறதுக்குள்ள நாற்காலியோட மல்லாக்க விழுந்துட்டான். சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அவன் அழுததை விட அந்த சிரிப்புதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் போல லைட்டை அணைக்க விடலை. ஹெட்போன் தொட மாட்டான். டிவியில அமைதியா ஒரு சீன் ஓடுச்சுன்னா எந்திரிச்சு அடுப்படிக்கு போயிடுவான், அமைதியா இருந்தாலே அடுத்து ஏதோ வரப்போகுதுன்னு அவன் உடம்பு கத்துக்கிச்சு. 

2016ல காலேஜ் சேந்த புதுசுல அவனே ஒரு நாள் கேட்டான், அந்த மூஞ்சி யாரோடதுக்கா? அவன் இத்தனை நாளா அது நெஜமாவே செத்துப்போன யாரோ ஒரு பொண்ணுன்னு நெனச்சிருக்கான். தேடிப் பாத்து சொன்னேன். 1973ல வந்த தி எக்ஸார்சிஸ்ட் படத்துல லிண்டா பிளேர்ங்கற பொண்ணு, டிக் ஸ்மித்துன்னு ஒரு மேக்கப் கலைஞர் போட்ட வேஷம், படம் எடுக்கறப்ப அந்த பொண்ணுக்கு 13, 14 வயசு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அப்போ என்னை விட நாலஞ்சு வயசுதான் பெரியவளா"ன்னான். அன்னைக்கு ராத்திரி நான் முதல் தடவையா ஒரு விக்கி பக்கத்துல தொகு பட்டனை அமுக்கினேன்.

ஜூன் 5, காலை 7.50

நேத்து விட்டுப்போனது: சத்தம். எல்லாரும் முகத்தை பத்தி மட்டும் எழுதறோம், ஆனா ஆளை தூக்கிப்போடறது பெரும்பாலும் சத்தம்தான். திடீர்னு பெரிய சத்தம் கேட்டா கண்ணிமை 50 மில்லிசெகண்டுக்குள்ள மூட ஆரம்பிச்சுடும், கழுத்து தோளெல்லாம் இறுகும். மூளைத்தண்டு பாக்கற வேலை அது, என்ன பாத்தோம்னு நமக்கு புரியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். அதனால "எனக்கெல்லாம் பயமே கிடையாது"ன்னு சொல்றவரும் துள்ளத்தான் செய்வாரு. உங்க "லேசா தூக்கிவாரி" அப்படி லேசா அளந்து போடற விஷயம் இல்ல தம்பி.

அதனால கட்டுரையில முதல்ல சத்தம், அப்புறம் முகம். அலறலா, இரைச்சலா, சத்தமே இல்லாம வெறும் படமா, எது முதல்ல வருதுன்னு எழுதுங்க. வால்யூம் குறைச்சு வெச்சா பாதி விஷயம் போயிடும்னு தெரிஞ்சா முதல் வகை வாசகருக்கு அது எவ்வளவு உதவி.

ஜூன் 6, இரவு 11.10

உதாரணம் கேட்டு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. கே-ஃபீ விளம்பரத்தை எடுத்துக்கலாம், நம்மகிட்ட இருக்கற கட்டுரைகள்லயே இதுதான் ரொம்ப குழம்பிப்போன ஒண்ணு.

நெஜமா நடந்தது இதுதான். கே-ஃபீங்கறது ஜெர்மனியில டின்ல அடைச்சு வித்த காபி. 2004ல அதுக்கு வரிசையா சின்ன சின்ன டிவி விளம்பரம் எடுத்தாங்க, ஒவ்வொண்ணும் இருபது செகண்டு போலதான். அதுல பிரபலமானது கார். பச்சைப்பசேல்னு மலைச்சரிவு, வளைஞ்சு போற ரோடு, மெதுவான இசை, ஒரு கார் போய்ட்டே இருக்கும், மரங்களுக்கு பின்னாடி போய் மறையும், அந்த நேரம் பாத்து ஒரு ஸாம்பி முகம் ஸ்க்ரீன் முழுக்க வந்து அலறும். அப்புறம் ஜெர்மன்ல ஒரு வரி: இவ்வளவு முழிப்பா நீ இருந்ததே இல்ல. காபி விளம்பரம்தானே, தூக்கம் போயிடும்னு சொல்றாங்க. அந்த வரியோட பாத்தா அது ஒரு விளம்பரம். அதை வெட்டிட்டா?

வெட்டித்தான் உலகம் பூரா சுத்துச்சு. ஈமெயில்ல வந்த கதை வேற. இது பிரிட்டன்ல எடுத்த கார் விளம்பரம், எடுத்து முடிச்சு எடிட் பண்ணும்போது காரோட பக்கத்துல வெள்ளையா புகை மாதிரி ஏதோ நகர்றதை பாத்தாங்க, அதனால டிவியில போடவே இல்லை, நீங்களும் காரையே உத்துப் பாருங்க, சத்தத்தை கூட்டி வெச்சுக்கோங்கன்னு எழுதியிருப்பாங்க. அத்தனையும் கட்டுக்கதை, உத்துப் பாக்க வெக்கறதுக்காக கட்டினது. நம்ம பழைய கட்டுரையில இந்த கதையையும் நெஜத்தையும் ஒரே பத்தியில கலந்து "காரில் பேய் தெரிந்ததாகக் கூறப்படுகிறது"ன்னு எழுதி வெச்சிருந்தோம். யார் கூறினாங்க? எப்போ? எதை பத்தி? படிக்கறவருக்கு கடைசி வரைக்கும் அது காபி விளம்பரம்னே தெரியாது.

இப்படி பிரிச்சு எழுதலாம். முதல் பத்தி: இது என்ன, எந்த நாடு, எந்த வருஷம், எதுக்காக எடுத்தது, எங்க அலறும். ரெண்டாவதா == என்னவா வேஷம் போட்டு வந்துச்சு == அப்படின்னு ஒரு தலைப்பு, அதுல ஈமெயில் கதை, அது பொய்ங்கறது அதே வாக்கியத்துல. மூணாவது, என்ன தெரியும் என்ன கேக்கும். நாலாவது, எப்படி பரவுச்சு. வேஷத்தை விவரமா எழுதறது ரொம்ப முக்கியம், ஏன்னா பத்து வயசுல பாத்தவருக்கு கே-ஃபீங்கற பேரே தெரியாது. அவருக்கு தெரிஞ்சதெல்லாம் பச்சை மலை, கார், அமைதியான பாட்டு. அதைத்தான் தேடுவாரு, அந்த வார்த்தையெல்லாம் நம்ம பக்கத்துல இருந்தாத்தானே கண்ணுல படும்.

ஜூன் 6, இரவு 11.32

இன்னொண்ணு, தகவல்பெட்டியில (கட்டுரை ஓரத்துல சுருக்கமா விவரம் வர்ற பெட்டி) "எத்தனாவது செகண்டு"ன்னு ஒரு வரி கட்டாயம் போடுங்க. அது ஒண்ணு போதும்.

ஜூன் 7, காலை 6.45

ராத்திரி கடைசியா எழுதினதை வாபஸ் வாங்கறேன். காலைல எழுந்து அந்த கார் வீடியோவோட நாலு காப்பியை சத்தத்தை அணைச்சு, ஸ்க்ரீன் மேல பேப்பரை வெச்சு கீழ ஓடற டைமரை மட்டும் பாத்து சோதிச்சேன். நாலும் நாலு நேரம். ஒருத்தர் முன்னாடி தலைப்பு சேத்திருக்காரு, ஒருத்தர் தொடக்கத்தை வெட்டியிருக்காரு, ஒருத்தர் மெதுவா ஓட்டியிருக்காரு. நாம 14னு எழுதி அவருக்கு 9லயே வந்துட்டா, எச்சரிக்கையை நம்பி உக்காந்தவரை நாமளே மாட்டி விட்டமாதிரி ஆயிடும். நேரம் எழுதணும்னா எந்த காப்பின்னு சொல்லி எழுதணும், அதோட "கார் மரத்துக்கு பின்னாடி மறைஞ்ச உடனே"ன்னு அடையாளத்தையும் சேக்கணும். வெட்டினாலும் ஒட்டினாலும் மரம் எங்கயும் போகாது.

ஜூன் 9, மதியம் 1.20

நேரத்தை பத்தி ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. வீடியோவுக்கு சரி, மேஸுக்கு நேரம்னு ஒண்ணே கிடையாது. ஒருத்தர் முப்பது செகண்டுல மூணாவது லெவலுக்கு போவாரு, ஒருத்தர் பத்து நிமிஷம் எடுப்பாரு. அங்க தூண்டறது நம்ம கை.

2011ல கொரியாவுல நேவர்ங்கற தளத்துல வந்த பொங்சொன்-டொங் பேய்னு ஒரு வெப்டூன் (ஸ்க்ரோல் பண்ணி படிக்கற படக்கதை), ஹொராங்ங்கறவர் வரைஞ்சது. ராத்திரி வீட்டுக்கு நடந்து போற ஒரு பொண்ணு, எதிர்ல தள்ளாடி தள்ளாடி வர்ற ஒரு பொம்பளை, என் குழந்தை எங்கன்னு கேப்பா. நாம ஸ்க்ரோல் பண்ணிட்டு வரோம், படம்னா சும்மா நிக்கும்னுதானே நெனப்போம், ஒரு இடத்துக்கு வந்ததும் பக்கம் தானா ஓட ஆரம்பிச்சு அவ நம்ம பக்கம் திரும்புவா. இதுக்கு எத்தனாவது செகண்டுன்னு எழுதுவீங்க?

அதனால தகவல்பெட்டியில அந்த வரியையே மாத்திடலாம்: "எது தூண்டுது". நேரம், கை, ஸ்க்ரோல். கை வெச்சா வர்றதுல இன்னொரு கொடுமை இருக்கு. வீடியோவுல நமக்கு அது நடந்துச்சு, கேம்ல நாமளே போய் அதை வரவழைச்சோம். என் தம்பி ரொம்ப நாள் கழிச்சு சொன்னது இதுதான், "நான் ஆடாம இருந்திருக்கலாம்ல". ஒம்பது வயசு பையன் அதை தன்னோட தப்பா எடுத்துக்கிட்டான் பாருங்க.

ஜூன் 10, இரவு 9.55

படத்தை பத்தி. சுருக்கி வெச்ச பெட்டிக்குள்ள போட்டா போதும், வேணும்கறவங்க விரிச்சு பாத்துக்கட்டும்னு போன மாசம் நான்தான் சொன்னேன். அது தப்புன்னு இன்னைக்கு தெரிஞ்சுச்சு. என் பழைய போன்ல அந்த பக்கத்தை திறந்தா பெட்டி விரிஞ்சபடியே வந்து நிக்குது. அந்த பெட்டியை சுருக்கறது ஜாவாஸ்கிரிப்ட், அது ஓடலைன்னா எல்லாம் திறந்த வீடு.

அதை விட மோசம் ஒண்ணு இருக்கு. விக்கியை ஓட்டற மென்பொருள் மீடியாவிக்கி, அதுல பக்கத்துக்கு ஒரு முகப்புப் படத்தை தானா எடுத்துக்கற நீட்சி (கூடுதலா சேக்கற மென்பொருள்) உண்டு, முதல் தலைப்புக்கு மேல இருக்கற படங்கள்லேர்ந்து ஒண்ணை பொறுக்கிக்கும். தேடல் முடிவுல, லிங்க் முன்னோட்டத்துல எல்லாம் அந்த முகம் போய் உக்காந்துக்கும். ஜாக்கிரதைன்னு சொல்லி வாட்சாப்ல ஒரு அம்மாவுக்கு நம்ம பக்கத்தை அனுப்பினா, அந்த அம்மா திறக்காமயே முகத்தை பாத்துடுவாங்க. தம்பி, உங்க படத்தை நான் தூக்கினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப நான் செய்யறது: படத்தை பக்கத்துல போடறதே இல்லை. [[:படிமம்:...]] அப்படின்னு முன்னாடி ஒரு முக்காற்புள்ளி. அந்த புள்ளி இருந்தா படம் தெரியாது, வெறும் இணைப்பா நிக்கும், அமுக்கினாதான் படத்தோட பக்கம் திறக்கும். இணைப்புல வர்ற எழுத்தும் முக்கியம். "இங்கே காண்க"ன்னு எழுதாதீங்க. "ஸாம்பி முகத்தின் படம், முழு அளவு, சத்தம் இல்லை"ன்னு எழுதுங்க. அந்த புள்ளியை எழுத்துப்பிழைன்னு நெனச்சு அழிக்கறவங்க இருக்காங்க, அதனால பக்கத்துலயே ஒரு குறிப்பு விட்டு வெக்கணும்.

முதல் பத்திக்கு மேல ஏதாவது படம் வேணும்னு தோணுச்சுன்னா வேஷத்தை போடுங்க. மலைச்சரிவும் காரும், இல்ல மேஸோட முதல் லெவல். தேடி வர்றவருக்கு, "ஆமா இதேதான்"னு அதுவே சொல்லிடும், பயமும் இல்ல.

ஜூன் 11, மாலை 6.05

"அப்போ அசல் லிங்க்கையும் போட மாட்டீங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. அமுக்கினா நேரா போற மாதிரி போட மாட்டேன். முகவரியை இணைப்பா மாறாம தடுக்கற நோவிக்கி குறி போட்டு வெறும் எழுத்தா எழுதலாம், அதுக்கு ஆதாரத்துக்கான மதிப்பு இருக்கு. காப்பி பண்ணி ஒட்டி போறவர் தெரிஞ்சேதான் போறாரு. அடுத்தவனுக்கு அனுப்பி மாட்டி விடறதுக்காக லிங்க் பொறுக்க வர்றவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு நம்ம பக்கம் கடை விரிச்சு வெக்க வேணாம்.

பெரும்பாலான பழைய லிங்க் செத்தும் போச்சு. மேஸ் 2003ல ஃப்ளாஷ்ல (அப்போ ப்ரவுசர்ல கேம் ஓட்டின மென்பொருள்) செஞ்சது. அடோபி 2020 டிசம்பர் 31ஓட ஃப்ளாஷை நிறுத்திட்டாங்க, 2021 ஜனவரி 12லேர்ந்து ப்ளேயரே எதையும் ஓட்ட மறுத்துடுச்சு. அன்னைக்கு நம்ம கட்டுரை பாதி பொய்யாச்சு, "இந்தப் பக்கத்தைத் திறந்தால் அலறும்"னு எழுதியிருந்தோம், திறந்தா வெறும் காலி கட்டம். அவசரப்பட்டு எல்லாத்தையும் இறந்தகாலத்துக்கு மாத்தினேன். அதுவும் முழுசா சரியில்லை, ரஃபிள்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர்லேர்ந்து அதை வெச்சு பழைய ஃப்ளாஷை ஓட்டறாங்க, ஹெச்டிஎம்எல்5ல புதுசா செஞ்ச காப்பிகளும் ஏராளம். இப்போ எப்படி எழுதறேன்னா, அசல் எப்படி இருந்துச்சுங்கறது இறந்தகாலம், இன்னைக்கு எந்த வடிவத்துல ஓடுதுங்கறது நிகழ்காலம், பக்கத்துல சரிபாத்த தேதி. தேதி இல்லாம "தற்போது"ன்னு மட்டும் எழுதினா அது எந்த தற்போதுன்னு மூணு வருஷம் கழிச்சு யாருக்கும் புரியாது.

ஜூன் 14, இரவு 10.20

சொல் விஷயம். இன்னைக்கு உக்காந்து பதினோரு கட்டுரையில "பயங்கரமான", "கொடூரமான", "அதிபயங்கர" எல்லாத்தையும் எடுத்தேன். "பயங்கரமான முகம்"னா என்ன தெரியுது? ஒண்ணும் தெரியலை. மனசுல ஆளாளுக்கு ஒண்ணை வரைஞ்சுக்குவோம், அது நெஜத்தை விட பெருசா இருக்கும். "வெளிறிப்போன பச்சை கலந்த தோல், கன்னத்தில் கீறல்கள், வெடித்த உதடு, வாய் திறந்திருக்கிறது"ன்னு எழுதிப் பாருங்க. படிக்கறப்ப மேக்கப்னு தெரிய ஆரம்பிக்கும். கண்ணு தெரியாதவங்க ஸ்க்ரீன் ரீடர்ல கேக்கறப்பவும் இதுதான் உதவும்.

அடுத்து, பேய்ங்கற வார்த்தை. எது வந்தாலும் பேய்னு எழுதிடறோம். கே-ஃபீயில வர்றது வேஷம் போட்ட ஸாம்பி, மேஸ்ல வர்றது ஒரு படத்துல வர்ற பொண்ணு, வெப்டூன்ல வர்றதுதான் கதைப்படி பேய். சரியான பேரை எழுதுங்க. தலைப்புக்கு மட்டும் வழிமாற்று நிறைய வேணும், ஏன்னா தேடறவர் "பேய் கார்", "பேய் கேம்"னுதான் தட்டுவாரு. மேஸ், மேஜ், மேஸ் கேம், ஸ்கேரி மேஸ், சுவத்துல இடிக்காம போற கேம், எல்லாத்தையும் ஒரே பக்கத்துக்கு கொண்டு வாங்க.

இப்படி திடீர்னு அலறி பயமுறுத்தறதுக்கு ஸ்க்ரீமர்னு பேர், அதுக்கு "அலறி"ன்னு ஒருத்தர் தமிழ் சொல் போட்டிருந்தாரு. அது பூவோட பேருங்க. அரளி, அலரின்னு தேடறவங்களும் இங்க வந்து நிக்க வேணாம். ஸ்க்ரீமரே இருக்கட்டும், எல்லாருக்கும் புரியுது.

ஜூன் 14, இரவு 10.31

சரியா சொல்லணும்னா பூவுக்கு சின்ன ர, அலரி. "அலறி" வல்லின ற. அவர் எழுதினது தப்பில்ல. ஆனா காதுல ஒண்ணாத்தான் விழும், அதனால என் முடிவு மாறலை.

ஜூன் 15, மாலை 5.30

பகுப்பு சண்டை. ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ் இங்க வரணுமா வேணாமான்னு பேச்சு பக்கத்துல ஒரு வாரமா ஓடுது. 2014ல வந்த கேம், ஜம்ப் ஸ்கேர்னாலே இப்ப உள்ள பசங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

1942ல கேட் பீப்பிள்னு ஒரு படம், ஒரு பொண்ணு ராத்திரி தனியா நடந்து போவா, பின்னாடி யாரோ வர்ற மாதிரி இருக்கும், சீறற மாதிரி ஒரு சத்தம் கேட்டு தூக்கிவாரி போடும், பாத்தா பஸ் வந்து நிக்கும், அவ்வளவுதான். தயாரிச்ச வால் லூட்டன் பேருலயே அந்த உத்தியை லூட்டன் பஸ்னு சினிமாக்காரங்க சொல்றாங்க. ஆக இது இன்டர்நெட் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல. ஆனா தியேட்டர்ல உக்காந்தவர் டிக்கெட் எடுத்துட்டு உக்காந்தாரு, பயமுறுத்துன்னு காசு கொடுத்து கேட்டாரு. ஃப்ரெடிஸ் ஆடறவரும் அப்படித்தான். மேஸ் ஆடினவருக்கு அந்த டிக்கெட்டை யாரும் காட்டவே இல்லை. எனக்கு இந்த கோடுதான் முக்கியமா தெரியுது. ரெண்டும் விக்கியில இருக்கட்டும், பகுப்பு மட்டும் தனித்தனி: "தெரிஞ்சே போறது", "ஏமாத்தி காட்டறது". ஃப்ரெடிஸோட முகத்தை வெட்டி சமையல் வீடியோ நடுவுல யாராவது சொருகினா, அந்த வீடியோ ரெண்டாவது பகுப்பு.

ஜூன் 16, காலை 8.10

மின்னற வெளிச்சம் இருந்தா அதுக்கு தனி எச்சரிக்கை வார்ப்புரு (பக்கத்துல அப்படியே ஒட்டற தயார் குறிப்பு), ஸ்க்ரீமர் வார்ப்புருவோட சேக்காதீங்க. ஒண்ணு திடுக்கிடறது, இன்னொண்ணு வலிப்பு. 1997 டிசம்பர் 16 அன்னைக்கு ஜப்பான்ல போக்கிமான் ஒரு எபிசோட்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னி 685 பேரை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, அவங்கள்ல பெரும்பாலும் குழந்தைங்க. அது தெரியாம நடந்தது. 2008 மார்ச்ல அமெரிக்காவுல எபிலெப்ஸி ஃபவுண்டேஷனோட ஃபோரத்துல வேணும்னே மின்னற படங்களை கொண்டு வந்து போட்டாங்க, வலிப்பு உள்ளவங்க பேசிக்கற இடம்னு தெரிஞ்சே.

வலைத்தளங்களுக்கு தரம் வகுக்கற டபிள்யூ3சியோட வழிகாட்டில ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல எதுவும் மின்னக்கூடாதுன்னு இருக்கு. நாம எழுதறப்ப மின்னுதா, எத்தனை செகண்டு நீடிக்குதுன்னு மட்டும் எழுதினா போதும். இந்த வகையில அசையற படத்தை படப்பக்கத்துல கூட ஏத்தாதீங்க. இதுல வாக்கெடுப்பெல்லாம் வேணாம்.

ஜூன் 21, இரவு 11.50

கே-ஃபீ கார் கட்டுரையோட முதல் பத்தி மணல்தொட்டியில (எழுதிப் பாக்கற பக்கம்) இருக்கு. இங்கயும் ஒட்டறேன்.

"'''கே-ஃபீ கார் விளம்பரம்''' ஜெர்மனியில் டின் காபி ஒன்றுக்காக 2004இல் எடுக்கப்பட்ட குறுகிய தொலைக்காட்சி விளம்பரம். பச்சை மலைச்சரிவில் ஒரு கார் மெல்லிய இசையோடு செல்கிறது. அது மரங்களுக்குப் பின்னால் மறைந்ததும் திடீரென்று உரத்த அலறலும், திடீரென்று ஸாம்பி வேடமிட்ட ஒருவரின் முகமும் திரை முழுக்க வரும். இது பேய் பதிவான கார் விளம்பரம் என்று மின்னஞ்சல்களில் பரவிய கதை பொய்."

தம்பிகிட்ட, என் சொந்த தம்பிகிட்ட, இதை போன்ல படிக்க கொடுத்தேன். இந்த வீடியோவை அவன் பாத்ததே கிடையாது, பாக்கவும் மாட்டான். ரெண்டு விஷயம் சொன்னான். திடீரென்று ரெண்டு தடவை வருது, ஒண்ணை எடு. அப்புறம், "அலறினதோட முடிஞ்சுடுமா, இல்ல மறுபடி வருமாக்கா, அதை எழுதலையே"ன்னு கேட்டான். அவனுக்கு அன்னைக்கு தெரியாம போனது அதுதானாம். முகம் போனப்புறமும் இன்னொண்ணு வரும் வரும்னு ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கான். இத்தனை வருஷமா எழுதறேன், இது எனக்கு தோணவே இல்லை.

"அதன்பின் விளம்பர வாசகம் வந்து முடிந்துவிடும், வேறு எதுவும் வராது"ன்னு ஒரு வரி சேத்துட்டேன். தகவல்பெட்டியிலயும் "எது தூண்டுது"க்கு கீழ "அப்புறம் என்ன வரும்"னு ஒரு வரி போட்டாச்சு. பழைய கட்டுரை எல்லாத்துலயும் அந்த வரி இப்ப காலியாத்தான் நிக்குது. கே-ஃபீயோட மத்த விளம்பரங்கள்ல கடற்கரை, யோகா, கோல்ஃப் மூணும் நான் எடுத்துக்கறேன். தம்பி, மேஸை நீங்க பாருங்க, கடைசி வரைக்கும் ஆடிப் பாத்துட்டு எழுதுங்க, சத்தத்தை அணைச்சு வெச்சுக்கோங்க.